ஒரு ஆட்டுத்தோல், இரண்டு பாதி: ஆவாரம்பட்டையும் கடுக்காயும் எந்த வரிசையில் போக வேண்டும்

பட்டைத் தோலில் பதனிடுவது ஒரு வேலை, சாயம் ஏற்றுவது வேறு வேலை என்று பிரித்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. குரோமில் பதனிட்ட தோலுக்கு அப்படிப் பிரிக்கலாம், அது வெளிர்நீலமாக வெளியே வரும், அப்புறம் எந்த நிறம் வேண்டுமோ அதை ஏற்றிக்கொள்ளலாம். தாவர டானினில், அதாவது பட்டையிலும் காயிலும் இருக்கும் துவர்ப்புப் பொருளில், அந்த வசதி இல்லை. உள்ளே போகிற துவர்ப்புதான் முதல் சாயம். பிறகு இரும்பு, படிகாரம், மஞ்சிட்டி என்று எதை வைத்தாலும் அது தோலின் மேல்பரப்பில் கடைசியாக உட்கார்ந்த டானினைப் பொறுத்தே நிறம் காட்டும். இதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் ஒரு ஆட்டுத்தோலை முதுகெலும்புக் கோட்டோடு இரண்டாக வெட்டினேன். இடது பாதிக்கு முதலில் ஆவாரம்பட்டை, முடிவில் கடுக்காய். வலது பாதிக்கு அப்படியே தலைகீழ். வயிற்றுப் பகுதியில் மிஞ்சிய துண்டுகளைக் கீற்று கீற்றாக நறுக்கிக் கருவேலம்பட்டை, காசுக்கட்டி, மாசிக்காய் சோதனைகளுக்கு வைத்துக்கொண்டேன்.

இந்த இரண்டையும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தாவர டானின்களில் இரண்டு பெரிய குடும்பங்கள். ஒன்று, அமிலத்திலோ நொதியிலோ நீரோடு சேர்ந்து உடைந்து காலிக் அமிலமாகவோ எலாஜிக் அமிலமாகவோ பிரிகிற வகை: கடுக்காய், மாசிக்காய், சுமாக் இலை, செஸ்ட்நட் மரம் எல்லாம் இதில் வரும். இன்னொன்று அப்படி உடையாமல், ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போய்ச் செந்நிற வண்டலாக மாறுகிற வகை: ஆவாரை, வாட்டில் என்கிற சீகைமரம், கெப்ராச்சோ, காசுக்கட்டி. ஆவாரம்பட்டையில் ஏறக்குறைய 18 சதவீதம் டானின் இருக்கும், கடுக்காய்த் தோட்டில் 30 சதவீதத்துக்கும் மேல். ஆனால் சதவீதத்தை மட்டும் பார்த்து எதை வாங்குவது என்று முடிவு செய்யக் கூடாது, கடுக்காயை மட்டும் போட்டால் தோல் வெளுப்பாகவும் மெத்தென்றும் வரும், உடம்பு இருக்காது. ஆவாரை வேகமாக உள்ளே போகும், நல்ல வெளிர் நிறம் தரும், ஆனால் வெயில் பட்டால் சிவக்கும்.

தோல் உப்பிட்டது. முதலில் உப்பு போகும்வரை தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, பிறகு நீறிய சுண்ணாம்புப் பாலில் போட்டேன். சுண்ணாம்பு நீரின் பி.எச். 12.5 வாக்கில் நிற்கும், எவ்வளவு அதிகமாகப் போட்டாலும் அதற்கு மேல் போகாது, கரையாதது அடியில் தங்கும். அதனால்தான் தினமும் கிளறிவிட வேண்டும். முடி, விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு வரும் நிலைக்கு வந்ததும் எடுத்து, ஒரு வளைந்த பலகைமேல் போட்டு மழுங்கிய கத்தியின் முதுகால் தள்ளினேன். சதைப்பக்கத்துச் சவ்வு அவ்வளவு சுலபமாக வராது, அதற்குக் கூர் வேண்டும், கை வலிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் சுண்ணாம்பைத் தொடாதீர்கள், முடியைக் கரைக்கிற பொருளுக்கு உங்கள் விரல் நகமும் ஒன்றுதான்.

சுண்ணாம்பை வெளியேற்றுகிற இடத்தில் அவசரப்படுகிறவர்கள் நிறைய. தோலின் நடுவில் கொஞ்சம் சுண்ணாம்பு தங்கினாலும் டானின் அதோடு சேர்ந்து கருத்துப்போகும், முடிப்பக்கம் மடக்கினால் வெடிக்கும். நான் தோலின் ஈர எடையில் 2 சதவீதம் அம்மோனியம் சல்பேட்டை வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் காற்றோட்டமான இடத்தில் கிளறினேன் (அம்மோனியா மூக்கைத் துளைக்கும்). கழுத்துப் பகுதியில்தான் தோல் தடிமன், அங்கே ஓரத்தில் சிறிய வெட்டுப் போட்டு வெட்டுமுகத்தில் பினால்ப்தலீன் (காரம் பட்டால் நிறம் மாறும் சோதனைத் திரவம்) ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்பு இருக்கும் இடம் இளஞ்சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும். ஓரங்கள் முதலில் வெளுக்கும், நடுவில் ஒரு சிவப்புக் கோடு கடைசிவரை நிற்கும், அந்தக் கோடு போகும்வரை எடுக்கவில்லை.

இனி பட்டை நீர். இங்கேதான் வேலையின் பாதி இருக்கிறது.

கணக்கு இப்படி: மெல்லிய தோலுக்கு ஈர எடையில் 20 முதல் 25 சதவீதம் சுத்தமான டானின் தேவைப்படும். ஆவாரம்பட்டையை மட்டும் வைத்துச் செய்வதென்றால் ஒரு கிலோ தோலுக்கு ஒன்றே கால், ஒன்றரை கிலோ பட்டை என்று வைத்துக்கொள்ளலாம், எப்படி வடித்தாலும் சக்கையில் கொஞ்சம் தங்கிவிடும். பட்டையைச் சில்லாக உடைத்தால் போதும், மாவாக அரைத்தால் வடிகட்டுவதே பெரும்பாடாகிவிடும். மழைநீர் சிறந்தது, கடின நீரில் இருக்கும் கால்சியம் டானினில் ஒரு பங்கைப் பிடித்து வண்டலாக்கி நிறத்தையும் மங்கடிக்கும். கொதிக்க விடவில்லை, 70 டிகிரி செல்சியஸ் வாக்கில் வைத்து மூடிவிட்டேன். அதற்கு மேல் சூடு போனால் நிறமும் கரையாத செவ்வண்டலும்தான் அதிகமாக இறங்கும். பாத்திரம் எவர்சில்வர் அல்லது பிளாஸ்டிக். இரும்புப் பாத்திரம், துருப்பிடித்த ஆணி, இரும்புக் கத்தி எதுவும் பக்கத்தில் வரக் கூடாது, ஏன் என்பது சாயப் பகுதியில் தெரியும்.

ஒரே பட்டையில் மூன்று தடவை வடித்தேன். முதல் நீர் கெட்டி, இரண்டாவது நடுத்தரம், மூன்றாவது வெளிறிய தேநீர் மாதிரி. தோல் போவது இதற்கு எதிர்த்திசையில்: மூன்றாம் நீர் முதலில், கெட்டி நீர் கடைசியில். கெட்டியான நீரில் பச்சைத் தோலை நேராகப் போட்டால் மேற்பரப்பில் இருக்கும் நார்கள் டானினைக் கண்டபடி இழுத்துக்கொண்டு இறுகிவிடும், பின்னால் வருகிற டானினுக்கு வழி கிடைக்காது, வெளியே பதமாகவும் உள்ளே பச்சையாகவும் ஒரு தோல் உங்கள் கையில் இருக்கும். டானின் ஒரு மூலக்கூறு, தோலின் நார்ப்புரதமான கொலாஜனின் பல இழைகளை ஒரே நேரத்தில் ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடிக்கிறது, அதுதான் பதனிடுதலே. அந்தப் பிடி எவ்வளவு வலுவோ அவ்வளவு மெதுவாக அதை உள்ளே அனுப்ப வேண்டும். மிகச் சிறிய பீனால்கள் (டானினும் இந்தக் குடும்பத்துச் சேர்மம்தான்) உள்ளே போகும் ஆனால் பிடிக்காது, மிகப் பெரியவை பிடிக்கும் ஆனால் உள்ளே போகாது. மூலக்கூறு எடை 500 முதல் 3000 வரை இருப்பவைதான் இந்த வேலைக்கு ஆகின்றன.

நீரின் கெட்டித்தன்மையை அடர்த்திமானியில் அளந்தேன். பதனிடுகிறவர்கள் இதற்குப் பார்க்காமீட்டர் என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். ஒப்படர்த்தி 1.010 என்றால் 10 டிகிரி, 1.025 என்றால் 25, அவ்வளவுதான் கணக்கு. 6, 7 டிகிரியில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் நீரின் டிகிரி இறங்கியதும் அடுத்த கெட்டி நீரைக் கொஞ்சம் சேர்த்து, முடிவில் 30 வரை ஏற்றினேன். இந்த அளவை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், பட்டையிலிருந்து இறங்குகிற சர்க்கரையும் உப்பும் பசையும் சேர்ந்துதான் இந்த எண் வருகிறது. நீரில் டானின் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, 1 சதவீதம் ஜெலட்டினும் 10 சதவீதம் உப்பும் கரைத்த நீரில் சில சொட்டு விடுவது. டானின் இருந்தால் உடனே பால்போலத் திரியும்.

முதல் நாட்களில் தோலை அடிக்கடி புரட்ட வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தால் அந்த இடம் மட்டும் வெளிறிய திட்டாக நிற்கும், நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை கருத்துப்போகும். இடது பாதி (ஆவாரை) ஓரிரு நாட்களிலேயே இரண்டு பக்கமும் இளம் சந்தன நிறம் பிடித்து, வெட்டுமுகத்தில் நடுவே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் பாக்கி என்ற நிலைக்கு வந்துவிட்டது. வலது பாதி (கடுக்காய்) மெதுவாக நகர்ந்தது. அதோடு, கடுக்காய் நீர் தானாகவே புளிக்கும். அதிலிருக்கும் சர்க்கரை நொதித்து அமிலமாகும். தொடக்கத்தில் ஏறக்குறைய 5 இருந்த பி.எச். போகப்போக 3.5ஐ நெருங்கியது. இது கெட்டுப்போவது அல்ல, சொல்லப்போனால் நல்லது. பதனிடும் வேலையை 5க்குப் பக்கத்தில் தொடங்கி, டானின் உள்ளே போனபிறகு 4க்குக் கீழே கொண்டுவந்தால்தான் அது இறுகப் பிடிக்கும். ஆவாரைத் தொட்டியில் அந்தப் புளிப்பு வரவில்லை, கடைசிக் கட்டத்தில் கடுக்காய் சேர்ந்த பிறகுதான் பி.எச். இறங்கியது. கடுக்காய் நீர்மேல் வெண்படலமாகப் பூஞ்சை படிந்தது, அதை வழித்துப் போட்டுவிட்டுக் கிளறினால் போதும்.

வெட்டுமுகம் முழுக்க ஒரே நிறமாகிவிட்டது என்பதை வைத்துப் பதம் முடிந்தது என்று சொல்ல முடியாது. நிறம் பீனால்களோடு முன்னால் ஓடிவிடும், பதம் பின்னால் வரும். மெல்லிய கீற்று ஒன்றை வெட்டி 30 சதவீத அசிட்டிக் அமிலத்தில் போட்டுப் பாருங்கள், பச்சையாக இருக்கும் நார் உப்பிக் கண்ணாடிபோல் தெளிந்துவிடும், பதமான நார் அப்படியே இருக்கும். வெந்நீர்ச் சோதனையும் செய்தேன். பச்சைத் தோல் 60, 65 டிகிரியிலேயே சுருண்டுவிடும், தாவர டானின் ஏறிய தோல் 75க்கு மேல் தாக்குப்பிடிக்கும். உடையாத வகை டானின் இதில் சில டிகிரி கூடுதலாகவே தாங்கும். கொதிநீரில் போட்டுப் பார்க்கிற சோதனை குரோம் தோலுக்கானது, பட்டைத் தோல் அதில் சுருண்டால் குறை சொல்லக் கூடாது.

தொட்டிகளை மாற்றினேன். ஆவாரையில் முடிந்த இடது பாதி கடுக்காய் நீருக்குள், கடுக்காயில் முடிந்த வலது பாதி ஆவாரை நீருக்குள். இடது பாதியின் நிறம் பெரிதாக மாறவில்லை, மேலே ஒரு மஞ்சள் பூச்சு வந்தது, காய்ந்ததும் துடைத்தால் போகிற வெளிறிய பொடி படிந்தது. அது எலாஜிக் அமிலம், உடைந்து எலாஜிக் அமிலம் தருகிற கடுக்காய் போன்றவை இப்படி விடும். வலது பாதி பழுப்பு மஞ்சளிலிருந்து மெல்ல இளஞ்சிவப்புச் சாயலுக்கு நகர்ந்தது. கையில் பிடித்தால் இடது பாதி இறுக்கமாகவும் வழுவழுப்பாகவும், வலது பாதி கொஞ்சம் தடித்து மெத்தென்றும் இருந்தன. அதாவது உடம்பைத் தீர்மானிப்பது முதலில் போனது, மேல்தோற்றத்தைத் தீர்மானிப்பது கடைசியில் போனது.

எண்ணெய். அலசி, நீரை அழுத்தி எடுத்து, ஈரம் இருக்கும்போதே முடிப்பக்கத்தில் சல்பேட் செய்த ஆமணக்கு எண்ணெயை வெதுவெதுப்பான நீரில் கலக்கித் துணியால் தேய்த்தேன். நீர் வெளியேறும் பாதையில் எண்ணெய் உள்ளே போகும். நிழலில், காற்று நேராக அடிக்காத இடத்தில் காயப்போட வேண்டும். வேகமாகக் காய்ந்தால் பிணையாமல் கிடக்கும் டானின் நீரோடு மேலே வந்து முடிப்பக்கத்தில் கருந்திட்டாகப் படியும், அந்த இடம் மடக்கும்போது வெடிக்கவும் செய்யும். முக்கால் காய்ந்த நிலையில் ஒரு மழுங்கிய மர விளிம்பில் வைத்து இழுத்து இழுத்து நெகிழ்த்தினேன்.

அடுத்தது சாயம். இரண்டு பாதியிலிருந்தும் ஒரே அளவில் துண்டுகள் வெட்டி அடுத்தடுத்து வைத்துக்கொண்டேன்.

முதலில் இரும்பு. அன்னபேதியை, அதாவது பெரஸ் சல்பேட்டை, 1 சதவீதத்துக்கும் குறைவாகக் கரைத்துப் பஞ்சால் ஒரு தடவை. கடுக்காய் மேலே இருக்கிற இடது துண்டு கண்முன்னே நீலக்கருப்பானது. ஆவாரை மேலே இருக்கிற வலது துண்டு பச்சை கலந்த கருப்பானது, அதுவும் சாய்வாகப் பார்த்தால் ஆலிவ் நிறமே தெரிந்தது. இரண்டிலும் இருப்பது அதே இரண்டு டானின், மேல் அடுக்கு மட்டும்தான் வேறு. உடைகிற வகை டானின் இரும்போடு நீலக்கருப்பும், உடையாத வகை பச்சைக்கருப்பும் தரும் என்பது வேதியியல் பாடம். மாசிக்காய் நீர் தடவிய கீற்றுதான் எல்லாவற்றிலும் ஆழமான கருப்பு. அந்தக் காலத்து எழுதும் மையும் இதே மாசிக்காயும் அன்னபேதியும்தான், காகிதத்துக்குப் பதிலாக இங்கே தோல். வலது துண்டின்மேல் கடுக்காய் நீரை ஒரு கை தடவிக் காயவிட்டு மறுபடி இரும்பு வைத்தபோது பச்சைச் சாயல் அடங்கிவிட்டது. கருப்பு வேண்டுமென்றால் கடுக்காயில் முடியுங்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்னபேதியில் ஒரு தொந்தரவு உண்டு, அது டானினோடு சேரும்போது கந்தக அமிலத்தை விடுவிக்கும். அதனால் பெரிய துண்டுக்கு இரும்பு அசிட்டேட்டை எடுத்துக்கொண்டேன்: எண்ணெய் போகக் கழுவிய எஃகுக் கம்பளியை வினிகரில் ஊறவைத்து, ஹைட்ரஜன் வெளியேற மூடியைத் தளர்த்தி வைத்து, குமிழி அடங்கியதும் துணியில் வடித்தது. தடவி, கருத்ததும் நிறைய நீரில் அலசி, 1 சதவீத சமையல் சோடா நீரில் ஒரு முறை துடைத்து, மறுபடி அலசி, எண்ணெய். கருப்பு போதவில்லை என்று இரும்பைக் கூட்டுகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். டானின் தீர்ந்த இடத்தில் மிஞ்சுகிற இரும்பு அங்கேயே கிடந்து நார்களை ஆக்சிஜனேற்றம் செய்துகொண்டிருக்கும், சில வருடங்களில் முடிப்பக்கம் வெடிக்கும். கருப்பு ஆழமாக வேண்டுமென்றால் கூட்ட வேண்டியது டானினைத்தான்.

மஞ்சிட்டிக்குப் படிகாரம் வைத்தேன். துணிக்குச் செய்வதுபோல் தோலைச் சூடான சாய நீரில் போட்டுக் காய்ச்ச முடியாது, 45 டிகிரிக்கு மேல் போகவே எனக்கு மனமில்லை. வேரைத் தனியாக 70 டிகிரியில் வடித்து, ஆறவைத்து, அதற்குள் தோல். கடுக்காய் மேலே இருந்த துண்டில் மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து ஒரு பளிச்சென்ற செங்கல் நிறம், ஆவாரை மேலே இருந்ததில் மங்கிய பழுப்புச் சிவப்பு. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது, முதலாவது கொஞ்சம் கத்துகிற நிறம்.

காசுக்கட்டி தனியாகவே ஒரு டானின், தனியாகவே ஒரு சாயம். ஹம்ப்ரி டேவி 1803ல் துவர்ப்புத் தாவரப் பொருட்களைப் பற்றிப் படித்த ஆய்வுரையில் இதைச் சோதித்து, தோல் பதனிட நல்லது என்று சொல்லியிருக்கிறார். ஏற்கெனவே பதமான கீற்றில் தடவி, மிக நீர்த்த சலவை சோடாவால் ஒரு முறை துடைத்தால் காற்றுப் பட்டு ஆழ்ந்த செம்பழுப்பாக மாறும். காரம் பீனால்களை வேகமாக ஆக்சிஜனேற்றம் செய்வதால் வருகிற நிறம் அது. ஆவாரையிலும் இதே வேலை நடக்கும், கொஞ்சம் குறைவாக. சோடாவில் கை தாராளமானால் முடிப்பக்கம் சொரசொரவென்று ஆகிவிடும், ஆகவே நீர்த்ததை விட நீர்த்ததாக.

இடது வலது இரண்டிலிருந்தும் சாயம் போடாத ஒரு துண்டை எடுத்து, பாதியை அட்டையால் மூடி வெயில் விழும் ஜன்னலில் வைத்தேன். அட்டையை எடுத்தபோது ஆவாரை மேலே இருந்த துண்டில் மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல் வேறுபாடு, மூடாதது நன்றாகவே சிவந்திருந்தது. கடுக்காயில் முடிந்த துண்டில் அந்தக் கோட்டைத் தேட வேண்டியிருந்தது. ஆவாரையில் பதனிட்டுக் கடுக்காயில் முடிக்கிற பழைய முறை எதற்காக வந்தது என்பது இந்த ஒரு துண்டிலேயே தெரிகிறது. வருடக்கணக்கில் வைத்திருக்கப்போகிற பொருளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிய புத்தகங்களின் தோலட்டை செந்தூளாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் இருக்கும் கந்தக டை ஆக்சைடுக்கு உடையாத வகை டானின்கள் தாக்குப்பிடிப்பதில்லை என்பதும், சுமாக் போன்ற உடைகிற வகை அதைவிட நன்றாகத் தாங்கும் என்பதும் அந்தத் தோல்களைச் சோதித்துத்தான் தெரியவந்தது. புத்தக அட்டைக்கு என்றால் நான் ஆவாரையைத் தொடவே மாட்டேன், முழுக்கக் கடுக்காயும் சுமாக்கும்தான். பைக்கும் இடுப்பு வாருக்கும் இடது பாதியின் வரிசை.

கருவேலம்பட்டைக் கீற்று பற்றி இரண்டு வார்த்தை. கருமையான நிறம், கெட்டியான உடம்பு, முடிப்பக்கம் முரடு. தனியாகப் போடக் கூடாது, கடுக்காயோடு கலந்தால் அந்த முரடு குறைகிறது. காலணி அடித்தோலுக்கு நன்றாக இருக்கும், ஆட்டுத்தோலுக்கு இது தேவையில்லாத முரட்டுத்தனம்.

மிச்சம் இருந்த நீரைக் கொட்டவில்லை. டானின் ஏற்கெனவே ஓரளவு இறங்கிப்போய்ப் புளிப்பும் ஏறியிருக்கிற பழைய நீர், புதிதாக வடித்த நீரைவிட மென்மையாக வேலை செய்யும், பச்சைத் தோலுக்கு முதல் குளியலாக அதைவிட நல்லது கிடையாது. வடிகட்டிப் பிளாஸ்டிக் கேனில் மூடிவைத்திருக்கிறேன், ஆவாரையும் கடுக்காயும் தனித்தனியாக. இரும்பு பட்ட நீர் மட்டும் வேறு வாளி, அது ஒரு சொட்டு விழுந்தாலும் அடுத்த தோலில் நீலத் திட்டு. பட்டைச் சக்கை உரக்குழிக்குப் போயிற்று, மக்கக் காலம் எடுக்கும். சுண்ணாம்பு நீரைத் தெளியவிட்டு, பி.எச். தாளில் 8க்குக் கீழே வந்த பிறகுதான் வெளியே விட்டேன்.